செண்டுடோக் விரதம்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னிடம் உத்வேகம், உள்ளொளி என்றெல்லாம் விசாரிக்கக் கூடாது.

எழுதுகிற நண்பர்கள் சிலர் ஆண்டு மலர் போடுகிறார்கள். ‘சிங்கப்பூர் மணம் வீசும் சிறுகதை’ ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். நானும் துறைமுகத்தில் ஒருவன் மேல் மூட்டை விழுந்து அவன் சாகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பராட்டாவைப் பிட்டுக்கொண்டே என் மனைவி பிரிஜட் அதை எடுத்துப் படித்தாள்.

“போன கதையிலயும் ஒருத்தன் செத்தான். அதுக்கு முந்தின கதையில ரெண்டு பேர். நான் ஆஸ்பத்திரியில பாடுபட்டு ஆளைப் பொழைக்க வைக்கிறேன், நீங்க வீட்ல உக்காந்து கொல்றீங்க.”

“சாகாத கதை இருந்தா நீ சொல்லு.”

“கீழ செடி வச்சோமே, அத எழுதுங்க.”

“செடி வச்சது ஒரு கதையா?”

“கடைசியில என்ன ஆச்சுன்னு தெரிஞ்ச நமக்கு அது கதை இல்ல. தெரியாதவங்களுக்குக் கதைதான்.”

பேச்சில் அவளை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. துறைமுகத்துக்காரனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதுத் தாளை எடுத்தேன்.

என் பெயர் இஞ்ஞாசி. ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. ஆணி, குழாய், பெயிண்ட், சிமெண்டு. பிரிஜட் நர்ஸ். குவீன்ஸ்டவுனில் வாடகைக்கு இருந்துவிட்டு 1984இல் தெம்பனிஸில் புது வீடு கிடைத்து வந்தோம். எங்கள் பிளாக்குக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு மண் துண்டு கிடந்தது. அதில் காட்டுப் பூச்செடிகள் நிற்குமா, சிமெண்டு பூசப்படுமா? கதை இவ்வளவுதான். வேறு மர்மம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை.

2

தொடங்குவதுதான் பெரும்பாடு. கீழே இருப்பவை நான் கிழிக்க மனமில்லாமல் விட்டவை.

தொடக்கம் அ: ‘தேக்காவில் பூக்கடைகள் விழித்துக்கொள்ளும் நேரம். மல்லிகையும் சாமந்தியும் ஈரச் சாக்கில் —’

[இங்கே பிரிஜட் தோளுக்குப் பின்னாலிருந்து: “எதுக்குத் தேக்கா? செடி தெம்பனிஸ்லதானே இருக்கு?” தமிழ்க் கதை என்றால் வாசகர்கள் தமிழர் கடைவீதியான தேக்காவை எதிர்பார்ப்பார்கள் என்றேன். “அவங்க எதிர்பாத்தா அவங்க பஸ் ஏறிப் போவட்டும்.” அடித்துவிட்டேன்.]

தொடக்கம் ஆ: ‘நகரம் முழுவதும் பூக்க வேண்டும் என்று முடிவாகியிருந்த காலம் அது. மேம்பாலங்களின் இரு பக்கமும் காகிதப்பூ தொங்கியது. பஸ் நிறுத்தம், சாலைத் திட்டு என்று வெறுமையாக இருந்த இடமெல்லாம் —’

[உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் பேசுகிற மாதிரி இருக்கிறது.]

தொடக்கம் இ: ‘பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள். அதைப் போல மனித வாழ்வும் —’

[இதற்கு நானே வெட்கப்பட்டேன்.]

* தேக்காவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. செடி முதல்முதலாகப் பூத்தபோது பெருமை தாங்காமல் ஒரு பூவைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜாலான் புசாரிலிருந்து பொடிநடையாக நடந்து, பஃபலோ ரோட்டில் பூக்கட்டும் தங்கத்திடம் காட்டினேன். தங்கம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது.

“காம்பே இல்லியே அண்ணே, எங்க புடிச்சுக் கட்டுறது? சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?”

“நிக்காது. காலையில விரியும், பொழுது சாய்றதுக்குள்ள கொட்டிடும்.”

“அப்ப இது சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது. செடியிலயே இருக்கட்டும். ஆனா அழகா இருக்கு லா.”

சொல்லிவிட்டு அதைத் தன் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்துக்கொண்டது.

3

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். மருதப்பனைப் போட்டேன்.

மருதப்பன் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். எங்கள் பிளாக்கின் குடியிருப்பாளர் குழுவில் தோட்டப் பொறுப்பு அவருக்கு. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். பேசிக்கொண்டே பக்கத்தில் இருப்பதை அளப்பார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது சோபாவை அளந்தார்.

அந்த மண் துண்டில் அவர் முதலில் ரோஜா வைத்தார். செத்தது. டாலியா வைத்தார், அதுவும் போயிற்று. வீடு கட்ட வந்த புல்டோசர் மேல்மண்ணையெல்லாம் வழித்துக்கொண்டு போய், அடியில் கிடந்த சிவப்புக் களிமண்ணை மட்டும் விட்டிருந்தது. மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் ஓடு மாதிரி இறுகும். மருதப்பன் பொறுமையிழந்து, பிளாக்கின் அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் கூட்டம் போட்டார். மண்ணை மூடி சிமெண்டு போட்டுவிட்டு மேலே வரிசையாகக் காகிதப்பூத் தொட்டி வைத்துவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சிமெண்டு எங்கள் கடையிலிருந்து வரும் என்று நானும் ஆட்டினேன்.

பிரிஜட் எழுந்தாள். பகல் வேலை முடித்து வெள்ளை உடுப்போடு வந்திருந்தாள்.

“மிஸ்டர் மருதப்பன், வெளிய பொட்டக்காட்டுல செண்டுடோக் பூத்துக் கெடக்குதே, பாத்தீங்களா? ஊதா கலர்.”

“அது காட்டுச் செடி லா, மிசஸ் இஞ்ஞாசி. அது பாட்டுக்குக் கெடக்குது. அதப் போயி யாராவது நட்டு வப்பாங்களா?”

“அது பாட்டுக்குக் கெடக்குதுல்ல, அதான் கேக்குறேன். ரோஜா அது வேணும் இது வேணும்னு கேட்டுச்சு. நாம குடுத்தோம், செத்துப் போச்சு. இது ஒண்ணும் கேக்காது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மருதப்பன் நாடாவை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஜூலையில் மேலிடத்திலிருந்து தோட்டங்களைப் பார்வையிட வருவார்கள். அதுவரை மண் பிரிஜட்டுடையது. வருகிறவர்கள் பார்த்து, இது இருக்கலாம் என்றால் இருக்கட்டும். இல்லையென்றால் மறுநாளே சிமெண்டு.

“உனக்கு எதுக்குடி இந்த வம்பு?” என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“பத்து வருஷமா வார்டுல நிக்கிறேன். பொழைச்சவங்கல்லாம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிடறாங்க. அப்புறம் அவங்களை நான் பாக்கிறதே இல்ல. பொழைச்சது ஒண்ணு என் கண்ணு முன்னாடி நிக்கணும். டெய்லி வேலைக்குப் போகும்போது பாக்கணும். தப்பா?”

தப்பில்லை என்றேன்.

[மருதப்பனை வில்லனாக்கியதைப் பிரிஜட் ஒப்புக்கொள்ளவில்லை. “மனுசன் மம்மட்டி எடுத்துட்டு வந்து மொதல் குழி வெட்டினாரு. அத ஏன் விட்டுட்டீங்க?” கதைக்கு ஆகாது என்பதால் விட்டேன். இப்போது போட்டுவிட்டேன். ஆக, இந்தக் கதையில் வில்லன் இடம் காலி.]

4

செடிகளைத் தேர்ந்தெடுத்தது டிசம்பர் மழையில். இந்தப் பகுதியை நான் ரசித்து எழுதினேன், ஏனென்றால் பாத்திரத் தேர்வு மாதிரியே இருந்தது.

தெம்பனிஸில் அப்போது கட்டடங்கள் முடிகிற இடத்தில் பொட்டல் தொடங்கிவிடும். பழைய மணல் குவாரிகள், லாலாங் புல், நடுவில் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டைகள். இரண்டு குடை, ஒரு கத்தரிக்கோல், ஈரத் துணி, பிளாஸ்டிக் பை. நான் பூவைப் பார்த்ததும் ஓடுவேன். பிரிஜட் என் சட்டையைப் பிடித்து நிறுத்துவாள்.

“பூவைப் பாக்காதீங்க. அது நிக்கிற எடத்தப் பாருங்க. கால் ஈரத்துல இருக்குதா, காஞ்சு கெடக்குதா, தலைக்கு மேல நெழல் இருக்குதா. நம்ம கீழ அந்த மாதிரி எடம் இருந்தாதான் கூட்டிட்டுப் போவணும்.”

சிம்போ ஆயரைப் பார்த்தோம். மஞ்சள் பூ, ஒவ்வோர் இலையும் சோற்றுப் பொட்டலம் மடிக்கிற அகலம். பார்த்தவுடன் கதாநாயகன் என்று தெரிந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்களின் வெளிச்சத்தையெல்லாம் தானே தின்றுவிடுகிற ஆள். ஒன்றே ஒன்றுக்கு இடம் கொடுத்து, கால்வாய் ஓரம், மண் ஈரமாக இருக்கும் மூலையில் நிறுத்தினோம். அது போடும் அரை நிழலில் தரையில் வளரும் ஆர்க்கிட் சிலவற்றை வைத்தோம். கார் நிறுத்தும் ஓரத்தில் கட்டுமானக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன மணல் குவியல் இருந்தது. அதற்குப் பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து அடம்பங்கொடி. மணலும் வெயிலும் இருந்தால் போதும், வேறு சீர்வரிசை எதுவும் அது கேட்காது.

மீதி முழுவதும் செண்டுடோக். இடுப்புயரப் புதர், சொரசொரப்பான இலை, ஐந்து ஊதா இதழ். பழம் தானாக வெடித்து உள்ளே கறுஞ்சிவப்பாக இருக்கும். தின்றால் நாக்கு மை குடித்த மாதிரி ஆகிவிடும். அதற்கு வேண்டியது வெறும் களிமண், புளிப்பேறிய அமில மண், உச்சி வெயில். எங்கள் மண் துண்டின் குறைகளை வரிசையாகச் சொன்னால், அதுதான் செண்டுடோக் போடும் நிபந்தனை.

* ஒரு செடிக்கு எந்த மண் என்று இவ்வளவு யோசித்தவளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, துறைமுகத்துக்குள் ஒரு நாள்கூடப் போகாத நான் துறைமுகக் கதை எழுதினேன். மூட்டை விழுந்ததில் வியப்பில்லை.

5

இங்கே கதை நன்றாகப் போக ஆரம்பிக்கிறது. அதுதான் ஆபத்து.

மே மாதம் முதல் பூக்கள் வந்தன. வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் பேசினார்கள். இரண்டாம் மாடி கமலா, நாலாம் மாடி பதுருன்னிசா அக்கா, பக்கத்து லிஃப்ட் பக்கம் குடியிருக்கும் அங்கிள் லிம். அதுவரை லிஃப்டில் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். இப்போது ‘இன்னைக்கு ரெண்டு மொட்டு’ என்று சேதி சொல்லிக்கொண்டார்கள்.

நம் ஜனங்களுக்கு ஒன்றைப் பிடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள்? சோறு போடுவார்கள்.

கமலா அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். பதுருன்னிசா அக்கா மீன் கழுவின தண்ணீர். அங்கிள் லிம் முட்டை ஓடுகளைச் சேர்த்துவைத்து, நொறுக்கி, வேரடியில் தூவினார். பிள்ளைகள் பாதி குடித்த மைலோவைக் கொட்டின. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. எல்லாருமே தான் ஒருவர்தான் அந்தச் செடியைக் கவனிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் கடைசியில் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை. மொட்டுகள் விரியாமல் உதிர்ந்தன. பிரிஜட் வேரடி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். சோற்றுப் பருக்கை, செதில், முட்டை ஓடு.

மேலே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “பட்டினியில சாகல. சாப்பாட்டுல சாகுது. முட்டை ஓட்டுல சுண்ணாம்பு. இதுக்குச் சுண்ணாம்பு ஆவவே ஆவாது.”

நாலு மொழியில் பலகை எழுதி நட்டோம்: உரம் போடாதீர்கள். எல்லாரும் படித்தார்கள், சரிதான் என்றார்கள். யாரும் நிறுத்தவில்லை.

“நான் உரமா போடுறேன்? வெறும் அரிசித் தண்ணி,” என்றாள் கமலா.

அன்றிரவு பிரிஜட் சாப்பிடவில்லை. பார்வையிட வருவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. என் கடையில் சிமெண்டு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று மருதப்பன் போன் செய்து கேட்டிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. “நான் எங்க அழுதேன்? கோவத்துல பாத்திரம் தேச்சேன்,” என்றாள். சரி. கோபத்தில் பாத்திரம் தேய்த்தாள்.]

6

வார்டில் அவளுக்குத் தீராத தலைவலி, நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள். எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலில் பலகை தொங்கும். அதற்குக் கீழேயே உட்கார்ந்து, முந்தானைக்குள் இட்லியை மறைத்து ஊட்டுவார்கள். டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் நோயாளி, இன்னைக்கு நான் விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் டப்பா மூடிவிடும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

மறுநாள் காலை லிஃப்டில் பதுருன்னிசா அக்கா மீன் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பேசினோடு நின்றார். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கிற மாடி வரை ஏறிப் போய், அங்கிருந்து பேசினைச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தார்.

“எங்கக்கா போறீங்க?”

“கீழதான். முகமே வாடிப் போச்சே அதுங்களுக்கு. சத்து பத்தல போல.”

“இன்னைக்கு வேணாங்கக்கா,” என்றாள் பிரிஜட். பிறகு அவள் வாயிலிருந்து தானாக வந்தது. “அதுங்க நோன்பு.”

பதுருன்னிசா அக்கா சிரிக்கவில்லை. நோன்பு மாதம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை.

“செடியா?”

“ஆமாக்கா. இந்தக் காட்டுச் செடிங்க அப்படித்தான். நல்லாப் பூக்குறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல இருக்கும். மழைத் தண்ணி மட்டுந்தான்.”

“நேத்துகூட ஊத்திட்டேனே நான்.” அக்காவின் முகம் மாறியது. பிறகு தானே தேறிக்கொண்டார். “தெரியாம உள்ள போனா நோன்பு முறியாது. பரவால்ல. எப்ப தொறக்கும்?”

பிரிஜட்டுக்கு நாள் எதுவும் தோன்றவில்லை. “பார்வைக்கு வர்றாங்கல்ல, அன்னைக்குச் சாயங்காலம்.”

பார்வை காலையில் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் உண்மையை விளக்கிவிடலாம் என்பது அவள் கணக்கு.

பொழுது சாய்வதற்குள் பிளாக் முழுவதும் தெரிந்துவிட்டது. கமலா அதை விரதம் என்று புரிந்துகொண்டாள். மாதம் இரண்டு நாள் சைவம் சாப்பிடும் அங்கிள் லிம்மிடம் யாரோ ‘புவாசா’ என்று மலாயில் சொன்னார்கள். அவர் முட்டை ஓட்டு டின்னை மூடி மேலே எடுத்துப் போய்விட்டார். மைலோவோடு வந்த பிள்ளைகளைக் கமலாவே விரட்டினாள். “அது விரதம் இருக்கும்போது முன்னாடி நின்னு குடிக்காதீங்கடா, பாவம்.”

“இது பொய்தானே?” என்று பிரிஜட் என்னைக் கேட்டாள். “பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட ஒத்துக்கணுமா?”

“சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவே? செடிக்குத் தவக்காலம் அறிவிச்சேன்னா?”

அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

முட்டை ஓட்டையெல்லாம் அவள் பொறுக்கி எடுத்தாள். பெரிய மழை இரண்டு பெய்து மீதியைக் கழுவிக்கொண்டு போயிற்று. பசும் துளிர் விட்டது. துளிருக்குப் பின்னால் மொட்டு.

7

அந்த நாள் காலை எட்டிப் பார்த்தபோது கீழே ஊதா நிறம்தான் தெரிந்தது. எண்ணிப் பார்க்க முயன்றேன். வண்டு ஒன்று குறுக்கே வந்ததில் விட்டுவிட்டேன். மருதப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, நாடாவை எடுக்காமலே நின்றார். பிரிஜட் லீவு போட்டிருந்தாள்.

பத்து மணிக்குப் போன் வந்தது. வேறு பிளாக்குகளில் நேரமாகிவிட்டதாம். சாயங்காலம்தான் வருவார்களாம்.

“சாயங்காலமா?” என்றாள் பிரிஜட். “சாயங்காலம் பூவே இருக்காதே.”

மருதப்பன்தான் (வில்லன் என்று நான் நினைத்தவர்) திரும்பத் திரும்பப் போன் செய்தார். முன்னதாக வரச் சொல்லிக் கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் இதழ்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. யாராலும் அதைத் தடுக்க முடியாது. பிரிஜட்டின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலிடத்திலிருந்து ஓர் அம்மாளும் இரண்டு இளைஞர்களும் வந்தார்கள். அம்மாள் சீனர், களைத்திருந்தார். கோப்பைத் திறந்து, பச்சைப் புதரையும் கீழே கிடந்த இதழ்களையும் பார்த்தார்.

“காலையில் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்,” என்று பிரிஜட் ஆங்கிலத்தில் சொன்னாள்.

“எல்லா பிளாக்கிலும் இதைத்தான் சொல்கிறார்கள்,” என்றார் அம்மாள், கனிவாகவே. பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது லிஃப்ட் திறந்தது.

முதலில் பதுருன்னிசா அக்கா. ஒரு கையில் பேசின், மறு கையில் பேரீச்சம்பழம் ஒன்று. பின்னால் கமலா, அரிசித் தண்ணீர் வாளி. வாளிக்குப் பொட்டு வைத்திருந்தாள். படிக்கட்டில் அங்கிள் லிம், முட்டை ஓட்டு டின்னோடு. அவர்களுக்குப் பின்னால் நான் பெயர் தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போகும் அத்தனை பேரும். மைலோ டம்ளர்களோடு பிள்ளைகள். எல்லாரும் வந்து மண் துண்டைச் சுற்றி நின்றார்கள். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள்.

“என்ன இது?” என்று அம்மாள் கேட்டார்.

மருதப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னார். “நோன்பு திறக்கிறார்கள், மேடம். செடிகளுக்கு.”

இளைஞர்களில் ஒருவன் சிரித்து, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினான். அம்மாள் ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பேரீச்சம்பழத்தின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார்.

“இது யாருடைய தோட்டம்?”

“எங்களது,” என்று நாலு பக்கமிருந்தும் பதில் வந்தது, தமிழில், மலாயில், சீனத்தில், ஆங்கிலத்தில். அவரவர் தனித்தனியாகத் தன்னைத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். சேர்ந்து கேட்டபோது ஒரே பதிலாக இருந்தது.

அம்மாளின் களைப்பு போன இடம் தெரியவில்லை. “நான் இன்று பார்த்த தோட்டங்களுக்கெல்லாம் தோட்டக்காரர்தான் வந்தார்,” என்றார். “எங்களுக்காக நிற்காதீர்கள். ஊற்றுங்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதப் போகிறேன்.”

பிரிஜட்டைப் பார்த்தேன். பொழைச்சது ஒன்று கண் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டவள், இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் முகம் சிவந்துவிட்டது. உடனே வெளுத்தது. அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

ஊற்றவிட்டால் மண் நம்முடையது. ஆனால் நோன்பு திறந்தாயிற்று என்று இவர்கள் நாளையும் ஊற்றுவார்கள், நாளை மறுநாளும். ஒரு மாதத்தில் செடி போய்விடும். வேண்டாம் என்று தடுத்தால், நோன்பு என்று சொன்னதே பொய் என்று இத்தனை பேர் முன்னால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் அந்த அம்மாள் முன்னால் சொல்ல வேண்டும். பூவும் இல்லை, கூட்டமும் கலைந்துவிட்டது என்றால் மிச்சமிருப்பது சிமெண்டு.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் அவள் பேசாமல் நிற்கிறாள், எல்லாரும் ஊற்றுகிறார்கள், கைதட்டல். அடுத்த பத்தியில் இலைகள் மஞ்சளாகின்றன. படித்துவிட்டு, “மறுபடி கொல்றீங்க,” என்றாள்.

இரண்டாவதில் அவள் உண்மையைச் சொல்கிறாள். கமலா வாளியைக் கீழே வைக்கிறாள். பதுருன்னிசா அக்கா, தன் நோன்பைப் பற்றி யாரோ கேலி செய்தது மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அக்கா எங்கள் மாடிக்கு நெய்ச்சோறு கொடுத்தனுப்புகிறவர்.

மூன்றாவதில் மழை பெய்கிறது. சிங்கப்பூரில் எந்தச் சாயங்காலமும் மழை பெய்யலாம், கதாசிரியனுக்கு அது பெரிய வசதி. எல்லாரும் வாளியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதை எழுதி முடித்துவிட்டு நானே சிரித்தேன்.

“மழைய வச்சுத் தப்பிக்கப் பாக்குறீங்களா?” என்றாள். “அன்னைக்கு ஒரு சொட்டுகூடப் பெய்யல.”

“அப்ப நடந்தத எழுதிடறேன். அன்னைக்கு நீ சொன்னத, சொன்னபடி.”

“எழுதக் கூடாது.”

“ஏன்?”

“நான் சொன்னது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், பிளாக்குல எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியணும்.”

“யாரு?”

“இத்தன நேரம் உக்காந்து படிக்கிறாங்கல்ல, அவங்கதான்.”

சன்னல் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கீழே இருப்பது ஊதாவா, சிமெண்டின் சாம்பல் நிறமா என்று தெரிந்துவிடும். பிரிஜட் எழுந்து போய் திரையை இழுத்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் நாம் கீழேயே நிற்போம். பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுப்பதற்காகப் பதுருன்னிசா அக்கா பேசினை என் கையில் திணித்துவிட்டார். அங்கிள் லிம் டின்னைத் திறந்துவிட்டார். கமலா வாளியைச் சாய்க்கப் போகிறாள். மருதப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மாளின் பேனா தாளுக்கு மேல் நிற்கிறது. பிரிஜட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, கையை உயர்த்துகிறாள். எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள்.

இந்தப் பேசினைக் கொஞ்சம் பிடியுங்கள். மீன் தண்ணீர், சட்டையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றட்டுமா, வேண்டாமா என்று அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.